மூன்றாவது குரல்

ஜனவரி 21, 2003. செவ்வாய்

காலையிலிருந்து கல்யாணப் பத்திரிகைகள்தான். தை பிறந்துவிட்டால் ஆடுகோடியில் எங்கள் டி.டி.பி. கடைக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரே பத்திரிகை தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியில். மூன்றிலும் மாப்பிள்ளைக்கு வேறு வேறு பெயர். உட்கார்ந்து திருத்தினேன்.

டீ வந்தபோது பக்கத்து மேஜை லாவண்யா பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினாள். வேலூர்ப் பெண். இங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, ஆனால் என்னைவிட வேகமாகக் கன்னடம் டைப் செய்வாள்.

"அக்கா, இது உங்களுக்குத்தான். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தாராம். பாட்டு நோட்ஸ் அச்சடிச்ச பேப்பரை ஸ்கேன் பண்ணா, இது படிச்சுக்குமாம். அப்புறம் நாம இஷ்டத்துக்குத் திருத்தலாமாம். வாசிச்சும் காட்டுமாம்."

இங்கிலீஷ் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் இசையையா? எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அல்லவா நிற்கும்? எதை முதலில் படிக்கும்?

"சுருதி இறக்க முடியுமா?" என்று கேட்டேன்.

கேட்ட குரல் இன்னும் எனக்கு வேற்றாள் குரல்தான். நவம்பரில் தைராய்டு ஆபரேஷன் முடிந்து பேச்சு வந்துவிட்டது. மேல் சுரங்கள் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான். "நரம்பு சோர்ந்து போயிருக்கும்மா, சிலருக்கு இப்படி ஆகிறதுதான். வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இருபது வருஷமாக மாதா கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று உச்சக் குரலான சோப்ரானோ பாடியவளிடம்.

லாவண்யா உறையைத் திருப்பிப் பார்த்தாள். "இறக்கும்னு போட்டிருக்கு அக்கா."

ஜனவரி 24. வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் முதல் சோதனை. ஈஸ்டர் பாட்டின் தாளை எடுத்துப் போயிருந்தேன். பழைய அச்சு, மேலும் கீழுமாகச் சுரம் எழுதிய இரண்டு ஐந்துகோடுகள், அடியில் தமிழ் வரிகள்.

லாவண்யாவுக்கு விளக்கினேன். மேல் ஐந்துகோடு பெண்களுக்கு: உச்சத்தில் சோப்ரானோ, கீழே ஆல்டோ. கீழ் ஐந்துகோடு ஆண்களுக்கு: டெனர், அதற்கும் அடியில் பேஸ். நான்கு குரலும் ஒரே நேரத்தில் நான்கு வழியில் போகும்.

"அப்போ பாட்டு எது அக்கா?"

"மேல இருக்கிறதுதான் பாட்டு. மத்ததெல்லாம் துணை" என்றேன்.

ஸ்கேன் ஓடி முடிந்து திரையில் வந்ததைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பில் முதலாளி மஞ்சுநாத் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்தையெல்லாம் இசை என்று நினைத்துப் படித்திருக்கிறது! 'அஃதே'யில் உள்ள ஆய்தம் மூன்று சுரமாகிவிட்டது. 'லூ', கோட்டின் தொடக்கத்தில் போடும் சுழித்த ட்ரெபிள் க்ளெஃப் குறியாகிவிட்டது. நான் எப்போதோ பென்சிலால் ஒரு சுரத்தைச் சுற்றிப் போட்ட வட்டத்தை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டிப் பாடும் சுரம் என்று எடுத்துக்கொண்டது. பூச்சி அரித்த ஓட்டைக்கும் ஒரு சத்தம் உண்டு.

வாசிக்கச் சொன்னோம். செல்போன் மணி போல ஒரு சத்தம் தடுக்கித் தடுக்கி ஓடிற்று.

"ஏனம்மா இது, என்ன சத்தம்?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார் மஞ்சுநாத்.

"அல்லேலூயா சார்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 26. ஞாயிறு

பூசையில் பொதுமக்களோடு உட்கார்ந்தேன். குழுவில் இளையவளான ஷில்பா என் இடத்தில் நின்று பாடினாள். நன்றாகப் பாடுகிறாள். அவ்வளவுதான் எழுத முடியும்.

பிப்ரவரி 1. சனி

இந்த மென்பொருளுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்பது மெல்லப் பிடிபடுகிறது. தமிழ் வரிகள்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்தேன். பாதிப் பிழை போயிற்று. தாள் ஒரு நூல் சாய்ந்தாலும் ஐந்துகோடு அதற்குப் படிக்கட்டாகத் தெரிகிறது. விளிம்பில் ஸ்கேல் வைத்து நேராக்கினால் சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் அது மாறுவதில்லை. சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே சுரத்தில் சந்திக்கும் இடங்களில் யார் யாரென்று அதற்குத் தெரிவதில்லை. சுரத்தின் குச்சி மேலே போனால் சோப்ரானோ, கீழே போனால் ஆல்டோ என்று பிரிக்கிறது. இரண்டு குச்சியும் ஒரே புள்ளியில் நின்றால் குழம்பிப்போய் ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்தியைச் சும்மா நிறுத்திவிடுகிறது. நான் போய் இருவருக்கும் பங்கு வைக்க வேண்டும்.

பிழை திருத்துவது எனக்கு வெறும் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. இதில் ஏன் பசி மறந்துபோகிறது?

பிப்ரவரி 8. சனி

முடிந்தது! பாட்டு முழுவதும் சுத்தமாகத் திரையில் இருக்கிறது. லாவண்யா சுருதி மாற்றும் பட்டனைக் காட்டினாள். ஜி-யில் இருந்ததை டி-க்கு இறக்கச் சொன்னேன். ஒரு சொடுக்கு. அத்தனை சுரமும் ஒன்றாகக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டன. கையால் எழுதினால் நாள்கணக்காகும் வேலை.

மெஷின் வாசிக்க, கூடவே மெதுவாகப் பாடிப் பார்த்தேன். கடைசி உச்சம் வந்தது. கரகரப்பாகத்தான், ஆனால் வந்தது. லாவண்யா கையைத் தட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது — சீ, கடையில் வைத்து.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சின்னப்பா லேத் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து கைகளில் கிரீஸோடு நின்றபடியே கேட்டார். "அப்ப ஈஸ்டருக்குப் பாடுவ?"

"பாட்டு மாஸ்டர் ஒத்துக்கணும்."

"ஒத்துக்காம இன்னா? பாட்டு அதே பாட்டுதான?"

பிப்ரவரி 16. ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் பூசை முடிந்து ஹாலில் ஒத்திகை. ஞானசேகரன் மாஸ்டரிடம் புதுத் தாள்களைக் கொடுத்தேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் இந்தப் பாடகர் குழுதான் அவருக்கு எல்லாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "அச்சு மாதிரியே இருக்கேம்மா" என்று ஆச்சரியப்பட்டார். பிறகுதான் எந்தச் சுருதி என்று கவனித்தார். ஆனாலும் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்.

முதல் வரி பரவாயில்லை. இரண்டாவது வரியில் பேஸ் பாடும் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அவ்வளவு கீழே யாருக்கும் குரல் இல்லை. ஒருவர் வெறும் உறுமல். சின்னப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஷில்பா சிரிக்கவில்லை, ஆனால் அவள் குரலும் அங்கே மங்கிப்போயிற்று. பாட்டே போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. எனக்கே கேட்டது. அதுதான் — எனக்கே கேட்டது.

மாஸ்டர் நிறுத்தினார். என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார், அந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். "ஜோசஃபின், கோவிச்சுக்காத. ஒரு ஆளுக்காக முப்பது பேரைக் கெணத்துல எறக்க முடியாதும்மா. ஈஸ்டர் பாட்டு மேலே போவணும்."

"சரிங்க மாஸ்டர்" என்றேன்.

எதுக்குடி உனக்கு இந்த வேலை? எல்லார் முன்னாடியும் போய் நின்னு — பாவம்னு பாக்கறாங்க. ஷில்பா வந்து தண்ணி வேணுமா ஆன்ட்டின்னு கேக்கறா. வேணாம்னேன். நல்ல பொண்ணு அவ. அதுதான் இன்னும் தாங்கல. கெட்டவளா இருந்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 17. திங்கள்

சி.டி.யை லாவண்யாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள்.

பிப்ரவரி 27. வியாழன்

ஆயுசில் இன்றைக்குப் போல ஒரு வெட்கமும் ஆச்சரியமும் ஒன்றாக வந்ததில்லை.

வேலை குறைவான மதியம். நான் ஒரு விசிட்டிங் கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். லாவண்யா அவள் மெஷினில் என் பாட்டைத் திறந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மெல்லிய இசை கேட்டது. ஒரே சுரத்தில் வெகுநேரம் நிற்கிறது. அசைவதா வேண்டாமா என்று யோசிப்பது போல. பிறகு ஒரு படி, இன்னொரு படி என்று ஏறி, மறுபடி வந்து நிற்கிறது. நன்றாக இருந்தது.

"என்ன பாட்டு லாவண்யா அது?"

"என்ன அக்கா, உங்க பாட்டுதான! மூணு குரலை ஆஃப் பண்ணிட்டேன். கீழ்க்கோட்டுல மேல குச்சி வெச்சது மட்டும் ஓடுது."

டெனர்.

இருபது வருஷம் பாடிய பாட்டு. என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறேன்!

மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை சோப்ரானோவையும் சேர்த்து. 'உயிர்த்தார்' என்ற சொல் வரும் இடம் — எப்போதும் அங்கே எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் குரல்தான் அங்கே எழும்புகிறது என்று நினைத்திருந்தேன். திரையில் பார்த்தேன். சோப்ரானோ அந்த இடத்தில் நகரவே இல்லை. ஒரே சுரம். அடியில் டெனர்தான் படிப்படியாக ஏறுகிறது. நான் சும்மா நின்றிருக்கிறேன், அவர்கள் ஏறியிருக்கிறார்கள்.

'மத்ததெல்லாம் துணை' என்று நான்தானே சொன்னேன்.

மார்ச் 1. சனி

பழைய சுருதிக்கே, ஜி-க்கே திருப்பிவிட்டேன். டெனரை மட்டும் ஓடவிட்டு, கூடவே முனகினேன். பெரும்பாலும் என் தொண்டைக்கு இப்போது எட்டும் இடத்திலேயே போகிறது! அடியில் இரண்டு சுரம் மட்டும் எட்டவில்லை, அங்கே குரல் தரையைத் தொட்டுவிடுகிறது.

பாடுவதற்கு இது சோப்ரானோவைவிடக் கஷ்டம். அது ஓடும் பாட்டு, ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். இதில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும். ஆல்டோவை ஆன் செய்தால் தடுமாறுகிறேன். பேஸைப் போட்டால் சரியாகிறது. ஏன் அப்படி? பேஸ் அடியில் இருந்தால் நிற்க இடம் கிடைக்கிறதோ?

மார்ச் 4. செவ்வாய்

சமைத்துக்கொண்டே பாடினேன். சின்னப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இது இன்னா பாட்டு, சோகமா?" என்றார்.

"பாதிப் பாட்டு" என்றேன்.

நாளை சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம்.

மார்ச் 9. ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஒத்திகை தொடங்கும் முன்பே.

"டெனரா? பொம்பளையா?" என்றார் மாஸ்டர். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. இன்னொரு தடவை பாவம் என்று பார்ப்பார்களே என்ற பயம். ஆனால் பயத்தைவிட, நிஜமான மூன்று குரல்களுக்கு நடுவில் அந்த வரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருந்தது. அதனால் போய்விடாமல் நின்றேன்.

"பாடு, பாக்கலாம்."

அவர் கீபோர்டில் மற்ற மூன்று குரலையும் வாசித்தார். நான் டெனர் பாடினேன். அந்த இரண்டு சுரமும் காற்றாய்ப் போயின. முடிந்ததும் அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூணாவது வரியில மூச்ச எங்க விட்ட?"

தாளில் காட்டினேன்.

"அங்க விடாத. ஒரு சொல்லு தள்ளி விடு." திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தார். "ரெண்டு டெனருங்க துபாய் போயிட்டானுங்க. இருக்கிறது சுனில் ஒருத்தன், அவனும் கால் சென்டர் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கி வழியறான். போய் அவன் பக்கத்துல நில்லு. தூங்கினா எழுப்பு."

சுனில் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். "வாங்க ஆன்ட்டி. கீழ்ச் சுரத்த நான் பாத்துக்கறேன், மேல நீங்க பாத்துக்கோங்க."

மார்ச் 23. ஞாயிறு

பின்வரிசையில் நின்றால் பாட்டே வேறு. முன்வரிசையில் எனக்கு மாஸ்டரின் கையும் என் குரலும்தான் தெரியும். இங்கே எல்லோருடைய முதுகும் தெரிகிறது. யார் மூச்சை எங்கே இழுக்கிறார்கள் என்று தோள்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஷில்பா உச்சத்துக்கு ஒரு சொல் முன்னாலேயே இடது காலை ஊன்றிக்கொள்கிறாள். நானும் அப்படி ஏதாவது செய்திருப்பேனா? பின்னால் நின்றவர்கள் பார்த்திருப்பார்களோ?

ஆண்களில் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை போலிருக்கிறது, பேஸ் பாடுபவர்தான். "அடுத்து எங்களுக்கும் புடவை குடுப்பீங்களா மாஸ்டர்?" என்றார். மாஸ்டர், "முதல்ல உன் சுரத்தச் சரியா குடு, அப்புறம் புடவையைப் பாக்கலாம்" என்றார். இரண்டு தடவை நான் தடுமாறியபோது அதே மனிதர்தான் அடியில் கொஞ்சம் பலமாகப் பாடி என்னைப் பிடித்து நிறுத்தினார். தெரிந்து செய்தாரா தெரியவில்லை.

ஏப்ரல் 12. சனி

லாவண்யா ஈஸ்டர் பூசைக்கு வருகிறாளாம். "உங்க வரி எனக்கு மனப்பாடம் அக்கா, தப்பு பண்ணா கண்டுபிடிச்சிடுவேன்" என்கிறாள். கோவிலில் எங்கே செருப்பு விடுவது, எப்போது எழுந்து நிற்பது என்று கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் நிற்கும்போது நில் என்றேன்.

ஏப்ரல் 20. ஈஸ்டர் ஞாயிறு

பாடினோம்.

மூன்றாவது வரியில் மூச்சைச் சரியான இடத்தில் விட்டேன். 'உயிர்த்தார்' வந்தது. ஷில்பாவும் மற்ற பெண்களும் அந்த ஒரே சுரத்தில் நின்றார்கள். நானும் சுனிலும் ஏறினோம். ஒரு படி, இன்னொரு படி. அவர்கள் குரல் அசையாமல் மேலே இருக்க, நாங்கள் அதன் அடியில் போய்ச் சேரச் சேர, அந்த அசையாத சுரமே நிறம் மாறிக்கொண்டு வந்தது. மெஷினில் இது கேட்கவில்லை. மெஷின் சுரத்தைத்தான் படித்தது; இதை ஆட்கள் நின்று பாடினால்தான் கேட்க முடியும்.

பூசை முடிந்து வெளியே கூட்டத்தில் ஷில்பா வந்து என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, அந்த எடத்துல எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நான்தான் மேல போறேன்னு தோணுச்சு. ஆனா நான் போகவே இல்ல, இல்ல?"

"போகல. தாள்ல பாரு" என்றேன். அவளோடு சேர்ந்து சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளைப் பார்த்தபோது நெஞ்சில் ஒன்றும் குத்தவில்லை.

லாவண்யா ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை. கடைசிப் பாட்டில் எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். சின்னப்பா அவளையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்துவிட்டார்.

ஜூன் 15. ஞாயிறு

ஒத்திகையில் ஆல்டோ பெண்கள் தங்கள் வரியை மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமென்று வந்து நின்றார்கள். கேசட்டில் பதிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி இதுவரை ஆறு பாட்டு முடித்தாகிவிட்டது. மஞ்சுநாத் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார். ஆனால் நேற்று அவரே வந்து நின்று, அடியில் ஓடுகிற கனமான குரல் எது என்று விசாரித்தார்.

ஆகஸ்ட் 2. சனி

கழுத்துத் தழும்பு வெளுத்துவிட்டது. டாக்டர் அடுத்த தடவை வர வேண்டாம் என்றார்.

அக்டோபர் 26. ஞாயிறு

காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். ஏதோ முனகல், என்ன பாட்டு என்றுகூட ஞாபகமில்லை. திடீரென்று மேல் ஜி வந்தது. சுத்தமாக, முழுசாக. நானே பயந்து நிறுத்திவிட்டேன். மறுபடி பாடினேன். மறுபடியும் வந்தது.

வெளியே சின்னப்பா கதவைத் தட்டினார். "ஜோசி! நீயா அது?"

"நான்தாங்க."

வெளியே வந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லு" என்றார். காபிகூடக் குடிக்கவிடவில்லை.

ஒத்திகைக்கு முன் ஹாலில் மாஸ்டரிடம் பாடிக் காட்டினேன். அவர் கீபோர்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "ஆண்டவருக்குத் தோத்திரம். வந்துடுச்சும்மா! கிறிஸ்துமஸுக்கு நீ முன்வரிசை. ஷில்பாவுக்குப் பக்கத்துல. நான் இப்பவே சொல்லிடறேன்."

இந்த நாளுக்காக ஒரு வருஷமாக எத்தனை ஜெபம். எத்தனை தடவை தலையணையில் முகத்தை வைத்து அழுதிருப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன், உள்ளங்கால் வரை சந்தோஷம். முன்வரிசையைப் பார்த்தேன். ஷில்பா என்னைப் பார்த்துச் சிரித்து, தன் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

மாஸ்டர் கிறிஸ்துமஸ் பாட்டின் தாளைக் கையில் கொடுத்தார். புதுப் பாட்டு, யாரும் பாடியதில்லை. என் கண் எங்கே போயிற்று என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கீழ் ஐந்துகோட்டுக்கு. மேலே குச்சி வைத்த சுரங்களுக்கு. இரண்டாவது பக்கத்தில் மற்ற மூன்று குரலும் ஓய்ந்துவிட, டெனர் மட்டும் தனியாக நான்கு தாளச் சுற்றுக்குப் போகிறது. என்ன தைரியம்!

"மாஸ்டர், இத நான் டெனர்ல பாடிட்டு வரேன். முன்வரிசைய ஈஸ்டருக்குப் பாக்கலாம்."

"ஏம்மா? குரல் வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு மாஸ்டர்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, டெனர் பக்கம் கையைக் காட்டினார். ஷில்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். பிறகு பின்வரிசைக்குப் போனேன். சுனில் பேஸ்காரரோடு ஏதோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமலேயே நகர்ந்து இடம் விட்டான்.